தமிழில் பெயரடை

பெயரடை என்பது ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று, அப்பெயர் குறிக்கும் பொருளின் நிறம், அளவு, தன்மை, எண்ணிக்கை, திசை முதலியவற்றை உணர்த்தும் சொல் அல்லது சொற்பகுதி ஆகும். ஆங்கிலத்தில் இது அட்ஜெக்டிவ் எனப்படுகிறது. 'பெரிய அருவி', 'நல்ல ஊர்', 'மூன்று மலைகள்' ஆகிய தொடர்களில் பெரிய, நல்ல, மூன்று ஆகியன பெயரடைகளாகும். செங்கோட்டை, தென்காசி, ஐந்தருவி ஆகிய பெயர்களில் அடை தனித்து நிற்காமல் பெயருடன் இணைந்து ஒரே சொல்லாகிவிடுகிறது.

தமிழ் மரபிலக்கண நூல்கள் பெயரடையைத் தனியொரு சொல்வகையாகக் கூறவில்லை. ஆங்கில இலக்கணத்தைத் தமிழ்வழிக் கற்கும் மாணவர்கள் அட்ஜெக்டிவ் என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் 'உரிச்சொல்' என்று கொள்வதுண்டு. இது பொருத்தமானதன்று. ஆங்கிலத்தில் ஒரே வகையாக உள்ள பெயரடை, தமிழில் பண்புத்தொகை, குறிப்புப் பெயரெச்சம், சுட்டு, எண்ணுப்பெயர் எனப் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளுள் பல, தென்காசி மாவட்டத்திலுள்ள செங்கோட்டை, குற்றாலம், தென்காசி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள இடப்பெயர்களாகும். பெயரடையின் பல வகைகளையும் அப்பெயர்களில் காணலாம்.

ஒரு பெயர், பல மொழிகள்

செங்கோட்டை என்னும் பெயர் தமிழில் இரண்டு இடங்களைக் குறிக்கும். ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கேரள எல்லையை ஒட்டி அமைந்த நகரம். மற்றொன்று, முகலாயப் பேரரசர் ஷாஜகான் 1639 முதல் 1648 வரை தில்லியில் கட்டுவித்த கோட்டை. இப்பெயரின் பொருளை வெவ்வேறு மொழிகளில் சொல்லிப் பார்த்தால், பெயரடை ஒவ்வொரு மொழியிலும் எவ்வாறு இயங்குகிறது என்பது விளங்கும்.

• தமிழ்: செங்கோட்டை. 'செம்' என்னும் பண்படி பெயருக்கு முன் வந்து, அதனுடன் புணர்ந்து ஒரு சொல்லாகிறது.
• மலையாளம்: செங்கோட்ட. தமிழில் உள்ள அதே பண்படி, அதே அமைப்பு. செங்கோட்டை நகரம் 1956 நவம்பர் 1 அன்று நிகழ்ந்த மாநிலச் சீரமைப்பு வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் இருந்தது. அதனால் இரு மொழி வடிவங்களும் வழக்கில் உள்ளன.
• ஆங்கிலம்: ரெட் ஃபோர்ட். அடை தனிச் சொல்லாகப் பெயருக்கு முன் நிற்கிறது. பால், எண் எதற்கும் அது மாறுவதில்லை.
• இந்தி: லால் கிலா. 'லால்' என்னும் அடை மாறாதது. ஆயினும், 'பெரிய' என்னும் பொருள் கொண்ட 'படா' போன்ற ஆகார ஈற்று அடைகள் பெண்பாலில் 'படீ' என்றும், ஆண்பால் பன்மையில் 'படே' என்றும் திரியும்.
• எசுப்பானியம்: ஃபுவெர்தே ரோஹோ. பெயர் முன்னும் அடை பின்னுமாக நிற்கின்றன. பெயரின் பால், எண் ஆகியவற்றுக்கு ஏற்ப அடையும் மாறுகிறது. 'வீடு' என்னும் பொருளுடைய 'காசா' பெண்பாற் சொல் ஆதலால் சிவந்த வீடு 'காசா ரோஹா' எனவும், சிவந்த வீடுகள் 'காசாஸ் ரோஹாஸ்' எனவும் வரும்.

எசுப்பானியாவின் கிரனாடா நகரில் உள்ள அல்ஹம்ப்ரா என்னும் கோட்டை அரண்மனையின் பெயரும் இப்பொருளுடையதே. அரபு மொழியில் 'அல்-ஹம்ரா' என்றால் 'சிவந்தது' என்று பொருள். அது பெண்பால் வடிவம். அங்கே பெயர் மறைந்து, அடை மட்டுமே இடப்பெயராக நிலைத்துவிட்டது.

மரபிலக்கணத்தில் பெயரடை

தொல்காப்பியமும், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூலும் சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கின்றன. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயல் உரியியல் ஆகும். உரிச்சொல் பண்பை உணர்த்துவது என்பதால் அதையே அட்ஜெக்டிவ் எனக் கொள்ளும் வழக்கம் தோன்றியிருக்கலாம். எனினும் இரண்டிற்கும் அடிப்படையான வேறுபாடுகள் உள்ளன.

முதலாவதாக, உரிச்சொல் பெயருக்கு மட்டுமன்றி வினைக்கும் அடையாக வரும். 'உறுபசி' என்பதில் 'உறு' பசி என்னும் பெயரையும், 'நனி பேசினான்' என்பதில் 'நனி' பேசினான் என்னும் வினையையும் சிறப்பிக்கின்றன. 'உறு', 'நனி' இரண்டும் மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்களே. ஆங்கில இலக்கணத்தில் இவ்விரண்டு பணிகளும் வெவ்வேறு சொல்வகைகளுக்கு உரியவை.

இரண்டாவதாக, உரிச்சொற்கள் பெரும்பாலும் செய்யுளுக்கு உரியவை. அன்றாட வழக்கிலுள்ள 'பெரிய', 'நல்ல', 'புதிய' போன்ற சொற்களை மரபிலக்கணம் உரிச்சொல் என்று கூறுவதில்லை. குறிப்புப் பெயரெச்சம் என்றே கூறுகிறது. அதாவது, காலத்தை வெளிப்படையாகக் காட்டாத ஒருவகை வினையாகவே அவை கருதப்படுகின்றன. உரிச்சொல் பெயரடையாக வந்து இன்றும் வழங்குவதற்கு 'மாநகர்' என்பதில் உள்ள 'மா' நல்ல எடுத்துக்காட்டாகும்.

திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்து பணியாற்றிய ராபர்ட் கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இப்பொருளை ஆராய்ந்தார். திராவிட மொழிகளில் பெயரடை எனப்படுபவை பண்பையோ உறவையோ குறிக்கும் பெயர்களே என்பதும், அவை வேற்றுமை உருபு ஏற்காமல் மற்றொரு பெயருக்கு முன் நிற்பதனால் மட்டுமே அடையாகின்றன என்பதும் அவரது கருத்தாகும். 'நல்ல', 'பெரிய' போன்ற சொற்களைத் தனி வகையாகக் கொள்ள வேண்டுமா, பெயர் அல்லது வினையின் உட்பிரிவாகக் கொள்ள வேண்டுமா என்பதில் பிற்கால மொழியியலாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

வகைகள்

வடிவத்தின் அடிப்படையில் தமிழ்ப் பெயரடைகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. பண்படிகள்: செம், கரு, வெண், பசு, பெரு, சிறு, நல், புது முதலியன. செம்மை, பெருமை போன்ற பண்புப் பெயர்களில் 'மை' விகுதி நீங்கிய வடிவங்கள் இவை. இவற்றுள் பல தனித்து வழங்குவதில்லை. பெயருடன் சேர்ந்தே வரும். எ.கா: செங்கோட்டை, பேரருவி.

2. அகர ஈற்று அடைகள்: பெரிய, சிறிய, புதிய, பழைய, நல்ல, இனிய. இவை தனிச் சொற்களாக நிற்கும். எ.கா: பழைய குற்றாலம்.

3. 'ஆன', 'உள்ள', 'அற்ற' முதலியன சேர்ந்தவை: அழகான, பயனுள்ள, பயனற்ற. ஒரு பெயர்ச்சொல்லிலிருந்து புதிய பெயரடையை ஆக்கத் தற்காலத் தமிழில் மிகுதியாகப் பயன்படும் வழி இதுவே.

4. பெயரெச்சங்கள்: விழும் அருவி, பெய்த மழை, சிவந்த மண். இவை காலத்தையும் காட்டுகின்றன. காலம் காட்டும் உறுப்பு மறைந்து வரின் அது வினைத்தொகை எனப்படும். எ.கா: ஊறுகாய், சுடுநீர்.

5. பெயர்ச்சொல்லே அடையாதல்: தேனருவி, புலியருவி, பாலருவி, பழத்தோட்ட அருவி. இவற்றின் முதற்பகுதி பெயர்ச்சொல்லே ஆகும். 'தோட்ட' என்பதன் ஈற்றிலுள்ள அகரத்தைக் கண்டு அதை 'நல்ல' போன்ற பெயரடை எனக் கருதக்கூடாது. தோட்டம் என்னும் பெயரின் மகர மெய் கெட்டமையால் வந்த அகரம் அது.

6. எண்ணடைகள்: ஐந்தருவி. முழு எண்ணைக் குறிக்கும் அடைகளும் (ஐந்து), வரிசையைக் குறிக்கும் அடைகளும் (ஐந்தாம், ஐந்தாவது) வேறுவேறு வடிவம் உடையவை. குற்றால மலைக்கு வழங்கும் திரிகூடம் என்னும் பெயரில் 'திரி' மூன்றைக் குறிக்கும் வடமொழி எண்ணடை ஆகும். மேலகரத்தில் பிறந்து திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயரின் பெயரிலும் அது உள்ளது.

7. திசை, இட அடைகள்: தென்காசி, வடகரை, மேலகரம், கீழப்பாவூர்.

8. சுட்டு, வினா அடைகள்: அந்த, இந்த, எந்த. இவற்றின் சுருங்கிய வடிவங்களான அ, இ, எ ஆகியன பெயருடன் சேர்ந்து வரும். எ.கா: அக்கோட்டை, இவ்வூர், எவ்வூர்.

பண்படி பெயருடன் சேரும் முறை

பண்புப் பெயர் மற்றொரு சொல்லுடன் சேரும்போது அடையும் மாற்றங்களை நன்னூல் விதிகளாகத் தொகுத்துக் கூறுகிறது. ஈற்றிலுள்ள 'மை' கெடுவது பொதுவான முதல் மாற்றம். அதன் பின்னர் நிகழ்வன சொல்லுக்குச் சொல் வேறுபடும்.

• செம்மை + கோட்டை = செங்கோட்டை. எஞ்சிய மகரம், வரும் ககரத்திற்கு இனமான ஙகரமாகத் திரிந்தது.
• பெருமை + அருவி = பேரருவி. முதல் எழுத்து நீண்டு, உகரம் கெட்டது.
• சிறுமை + அருவி = சிற்றருவி. றகர மெய் இரட்டித்தது. குற்றால மலையில் தோன்றித் தாமிரபரணியில் கலக்கும் சிற்றாறும் இவ்வாறு அமைந்த பெயரே.
• பசுமை + பொழில் = பைம்பொழில். முதலிலுள்ள அகரம் ஐகாரமாகிச் சுகரம் கெட்டு, பகரத்திற்கு இனமான மகரம் தோன்றியது. பண்பொழி என இன்று வழங்கும் ஊரின் பெயர் பைம்பொழில் என்பதன் மரூஉ எனக் கூறப்படும்.
• நன்மை + நகரம் = நன்னகரம். 'நல்' என்னும் அடியின் லகரமும் வரும் நகரமும் 'ன்ன' எனத் திரிந்தன.
• புதுமை + ஊர் = புதூர். உகரம் கெட்டு, மெய்யின் மேல் உயிர் ஏறியது.

ஒரே பண்படி, வரும் சொல்லைப் பொறுத்து வடிவம் மாறும் என்பது கவனிக்கத்தக்கது. 'பெரு' என்பது உயிரெழுத்துக்கு முன் 'பேர்' ஆகும் (பேரூர், பேரரசு). மெய்யெழுத்துக்கு முன் 'பெரு' அல்லது 'பெரும்' என நிற்கும் (பெருவழி, பெருங்கடல்).

பயன்பாடு

பிரித்துக் காட்டலும் சிறப்பித்தலும்

பெயரடை இரண்டு வேறுபட்ட பணிகளைச் செய்கிறது. ஒன்று, ஒரு பொருளை அதன் இனத்திலிருந்து பிரித்துக் காட்டுவது. மற்றொன்று, பிரித்துக் காட்டும் நோக்கமின்றி அதன் இயல்பைச் சிறப்பித்துக் கூறுவது. மரபிலக்கணத்தில் முன்னது இனமுள்ள அடை எனவும், பின்னது இனமில்லா அடை எனவும் கூறப்படும். வெண்டாமரையும் இருப்பதால் 'செந்தாமரை' என்பதில் உள்ள அடை இனமுள்ளது. ஞாயிறு ஒன்றே ஆதலால் 'செஞ்ஞாயிறு' என்பதில் உள்ள அடை இனமில்லாதது.

15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய தென்காசியின் பெயரில் 'தென்' இனமுள்ள அடையாகும். வடக்கே ஒரு காசி இருப்பதனாலேயே அவ்வடை தேவைப்படுகிறது. பேரருவி, சிற்றருவி ஆகிய பெயர்களும் ஒன்றையொன்று நோக்கி அமைந்தவை.

எசுப்பானிய மொழியில் இவ்வேறுபாடு பெரும்பாலும் அடை நிற்கும் இடத்தால் உணர்த்தப்படுகிறது. பிரித்துக் காட்டும் அடை பெயருக்குப் பின் வரும். இயல்பான பண்பைச் சிறப்பிக்கும் அடை முன் வரலாம். 'வெண்பனி' என்பதை 'லா பிளாங்கா நியேவே' என அடையை முன்வைத்துக் கூறும்போது, பனியின் இயல்பான வெண்மையே சுட்டப்படுகிறது. தமிழில் இரண்டு நிலையிலும் அடை பெயருக்கு முன்னரே நிற்பதால், வேறுபாட்டைப் பொருளைக் கொண்டே உணர வேண்டும்.

தொகையும் தொடரும்

பண்படியுடன் சேர்ந்த தொகையும், தனி அடையுடன் வரும் தொடரும் எப்பொழுதும் ஒரே பொருள் தருவதில்லை. 'செங்கோட்டை' ஒரு பெயர். 'சிவந்த கோட்டை' ஒரு வருணனை. 'சிறு', 'அப்பன்' ஆகியன சேர்ந்த சிற்றப்பன் என்பதிலிருந்து வந்த 'சித்தப்பா', தந்தையின் தம்பியைக் குறிக்கும் உறவுப்பெயர். அதிலுள்ள அடை உருவத்தின் அளவைக் குறிப்பதன்று. 'பேரூராட்சி' என்பதும் உள்ளாட்சி அமைப்பில் ஒரு குறிப்பிட்ட வகையின் பெயராகும். குற்றாலம் பேரூராட்சி, அதைவிடப் பெரிய செங்கோட்டை நகராட்சி.

அடை எதைச் சாரும்?

ஓர் அடையைத் தொடர்ந்து இரண்டு பெயர்கள் வரும்போது, அடை எப்பெயரைச் சார்ந்தது என்னும் ஐயம் எழலாம். 'பழைய குற்றால அருவி' என்பது பழைய குற்றாலம் என்னும் இடத்திலுள்ள அருவி. இங்கே பழமை குற்றாலத்திற்கு உரியது, அருவிக்கு உரியதன்று. ஆங்கிலத்தில் இவ்வருவியை 'ஓல்டு ஃபால்ஸ்' எனச் சுருக்கும்போது அடை அருவிக்கு மாறிவிடுகிறது. அவ்வாறே பேரருவியை 'மெயின் ஃபால்ஸ்' என்னும்போது, அளவைக் குறித்த அடையின் இடத்தில் முதன்மையைக் குறிக்கும் அடை வந்துவிடுகிறது. இடப்பெயர்களை மொழிபெயர்ப்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பயனிலையாக வருதல்

பெயருக்கு முன் வரும் தமிழ்ப் பெயரடை, பெயரின் திணை, பால், எண் எதற்கும் மாறுவதில்லை. பெரிய மனிதன், பெரிய அருவி, பெரிய அருவிகள் என எல்லாவற்றிலும் 'பெரிய' என்றே நிற்கும். ஆனால் அது பயனிலையாகும்போது பால், எண் காட்டும் விகுதியைப் பெறுகிறது: அவன் பெரியவன், அவள் பெரியவள், அருவி பெரியது, அருவிகள் பெரியவை. 'அருவி பெரிய' என்பது நிறைவு பெற்ற வாக்கியம் ஆகாது.

இவ்வகையில் தமிழ், ஆங்கிலத்திற்கும் எசுப்பானியத்திற்கும் இடைப்பட்டதாக உள்ளது. ஆங்கில அடை இரண்டு இடத்திலும் பால், எண் காட்டுவதில்லை. எசுப்பானிய அடை இரண்டு இடத்திலும் எண் காட்டும்; பல அடைகள் பாலும் காட்டும். தமிழ் அடை பயனிலையில் மட்டும் இவற்றைக் காட்டும்.

தமிழில் 'அருவி அழகானது', 'அருவி அழகாக இருக்கிறது' என இருவகையாகவும் கூறலாம். முன்னது நிலையான இயல்பையும், பின்னது பெரும்பாலும் அப்போது காணப்படும் நிலையையும் உணர்த்தும். எசுப்பானியத்தில் 'செர்', 'எஸ்தார்' என்னும் இரண்டு வினைகளுக்கிடையே உள்ள வேறுபாடு இதனை ஓரளவு ஒத்தது, முழுதும் ஒத்ததன்று.

ஒப்பீடு

தமிழ்ப் பெயரடைகளுக்கு ஒப்பீட்டு வடிவங்கள் இல்லை. 'விட', 'காட்டிலும்' போன்ற சொற்களும், 'இலும்' போன்ற உருபுகளும் ஒப்பிடப்படும் பெயருடன் சேர்ந்து அப்பொருளைத் தருகின்றன. 'பேரருவி சிற்றருவியை விடப் பெரியது' என்பதில் 'பெரியது' மாறவில்லை. உச்ச நிலையை உணர்த்த 'மிக', 'மிகவும்' முதலியன முன் சேர்க்கப்படும். ஆங்கிலத்தில் குறுகிய அடைகளின் வடிவமே மாறும் (பிக், பிக்கர், பிக்கெஸ்ட்). நீண்டவை 'மோர்', 'மோஸ்ட்' என்னும் சொற்களைப் பெறும்.

பிறமொழி கற்போர் எதிர்கொள்ளும் இடர்கள்

எசுப்பானியம் பேசுவோர் ஆங்கிலம் கற்கும்போது, தாய்மொழிப் பழக்கத்தால் அடையைப் பெயருக்குப் பின் வைப்பதும், பன்மைப் பெயருக்கு முன் அடையையும் பன்மையாக்குவதும் உண்டு. தமிழ் பேசுவோருக்கு இவ்விரண்டு இடர்களும் பெரும்பாலும் நேர்வதில்லை. தமிழிலும் அடை பெயருக்கு முன்னரே நிற்கிறது; பெயருக்கேற்ப மாறுவதில்லை.

தமிழ் பேசுவோருக்கு நேரும் இடர்கள் வேறானவை.

• தமிழில் பண்பைக் குறிக்கும் பெயரே பயனிலையாகலாம்: 'அவன் உயரம்', 'தண்ணீர் சூடு'. ஆங்கிலத்தில் இவ்விடங்களில் பெயரடையே வர வேண்டும். 'உயரம்' என்னும் பெயருக்கு 'ஹைட்' எனவும், 'உயரமான' என்னும் அடைக்கு 'டால்' எனவும் அங்குத் தனித்தனிச் சொற்கள் உள்ளன.
• 'அருவி பெரியது' என்னும் வாக்கியத்தில் தனி வினைச்சொல் இல்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' என்னும் வினை இன்றியமையாதது. அதை விட்டுவிடுவது தொடக்கநிலை மாணவர்களிடம் காணப்படும் பிழையாகும்.
• ஒப்பீட்டில் 'பெட்டர்' போன்ற, ஏற்கெனவே ஒப்பீட்டுப் பொருளுடைய அடைக்கு முன் 'மோர்' சேர்ப்பது மற்றொரு பிழை. 'இன்னும் நல்லது' என்னும் தமிழ் வழக்கை ஒட்டி இது நேரலாம்.

சில இடங்களில் தமிழரும் எசுப்பானியரும் ஒரே இடரை எதிர்கொள்கின்றனர். பசியைத் தமிழில் 'எனக்குப் பசி' எனப் பெயரால் கூறுகிறோம். எசுப்பானியரும் 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'பசி உடையேன்' எனப் பெயராலேயே கூறுகின்றனர். ஆங்கிலத்தில் மட்டும் 'ஹங்ரி' என்னும் பெயரடை தேவைப்படுகிறது.

பல அடைகள் அடுத்தடுத்து வரும்போது ஆங்கிலத்தில் கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், தோன்றிய இடம், ஆக்கப்பொருள் என ஓர் ஒழுங்கு பொதுவாகப் பின்பற்றப்படுகிறது. தமிழில் இவ்வொழுங்கு அத்துணை இறுக்கமானதன்று. ஆயினும் பண்படி எப்பொழுதும் பெயரை ஒட்டியே நிற்கும். எனவே 'பழைய செங்கோட்டை' என்பதில் 'செம்', 'பழைய' ஆகியவற்றின் இடங்களை மாற்ற இயலாது.

கணினி மொழியியலில்

ஒரு தொடரிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் சொல்வகையைக் குறித்தல் கணினி மொழி ஆய்வின் அடிப்படைப் பணிகளுள் ஒன்றாகும். பல மொழிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட யுனிவர்சல் டிபென்டன்சிஸ் என்னும் திட்டம் 17 சொல்வகைகளைக் கொண்டது. பெயரடை அவற்றுள் ஒன்று. இத்தகைய திட்டத்தைத் தமிழுக்குப் பயன்படுத்தும்போது, மரபிலக்கணத்தில் விவாதத்திற்குரியதாக இருந்த கேள்வி நடைமுறைச் சிக்கலாகிறது. 'பெரிய' என்பதைப் பெயரடை எனக் குறிப்பதா, 'சிவந்த' என்பதையும் அவ்வாறே குறிப்பதா, அதை வினை எனக் குறிப்பதா என்பதை முன்னரே முடிவு செய்து, எல்லா இடங்களிலும் ஒரே சீராகப் பின்பற்ற வேண்டும்.

பண்படிகள் வேறொரு சிக்கலை உண்டாக்குகின்றன. செங்கோட்டை, பைம்பொழில், சிற்றாறு ஆகியவற்றில் சொல்லின் நடுவே இடைவெளி இல்லாததால், இடைவெளியைக் கொண்டு சொற்களைப் பிரிக்கும் நிரல் அவற்றை ஒரே பெயராகக் கொள்ளும். உள்ளிருக்கும் அடை அதற்குப் புலப்படாது. எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் தேடலில் 'பெரிய அருவி' எனத் தேடுபவருக்குப் 'பேரருவி' கிடைக்காது. மேலே கூறிய புணர்ச்சி மாற்றங்களை நிரலில் தலைகீழாகச் செயற்படுத்தினால் இவ்வடைகளை மீட்க இயலும். அதற்குப் புணர்ச்சி விதிகள் மட்டும் போதா. 'சிற்றருவி' என்பதைச் 'சிறு', 'அருவி' எனப் பிரிக்க வேண்டும் என்றும், 'சிற்றின்பம்' என்பதைச் 'சிறு', 'இன்பம்' எனப் பிரிக்க வேண்டும் என்றும், 'சிற்பம்' என்பதைப் பிரிக்கவே கூடாது என்றும் அறிவதற்குச் சொற்பட்டியல் ஒன்றும் தேவை.